வயற்கருவிகள் கம்பியின்றிப் பேசும் முறை

நிலத்தின் ஈரத்தையும் கிணற்றின் நீர்மட்டத்தையும் அளந்து கம்பியின்றிச் செய்தியனுப்பும் சிறு கருவிகளை வாங்கும் நிலமுடையோர், விலையை மட்டும் விசாரிப்பது வழக்கம். கருவி எந்த ஒழுங்கின்படி பேசுகிறது என்பதை விசாரிப்பதே முதற்காரியம். மின்கம்பி எட்டாத வயலில் ஒரே பாட்டரியைக் கொண்டு சில வருஷங்கள் உழைக்க வேண்டியதாதலின், அது அளவாகவே பேசுதல் அவசியம்.

இவ்வொழுங்குகளில் லோராவான் என்பது 2015-ம் வருஷத்தில் வெளியிடப்பட்டது. இந்தியாவில் இது 865 முதல் 867 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள அலைகளில் நடைபெறுகிறது. குறித்த சக்திக்கு உட்பட்ட கருவிகளுக்கு இவ்வலைகளில் லைசென்ஸ் வேண்டுவதில்லை. பேசும் வேகத்தில் 7 முதல் 12 வரை படிகள் உண்டு. எண் ஏற ஏறப் பேச்சு மெதுவாகும். மெதுவான பேச்சு அதிக தூரம் கேட்கும். ஆனால் ஒரு படி ஏறினால் அதே செய்திக்கு ஏறக்குறைய இருமடங்கு நேரம் பிடிக்கும். பாட்டரியும் அதற்கேற்பச் செலவாகும். செய்தி வாங்கும் நிலையத்தின் ஆன்டெனாவைத் தோப்புகளுக்கு மேலாக உயர்த்தி வைத்தவர், இச்செலவை எல்லாக் கருவிகளுக்கும் ஒருங்கே குறைத்தவராவார்.

கருவிகள் முறைவைத்துப் பேசுவதில்லை. தத்தம் வேளையில் பேசும். ஹவாய் சர்வகலாசாலையில் 1971-ல் நடைமுறைக்கு வந்த அலோஹா முறையே இதற்கு முன்னோடி. ஒரே அலையில், ஒரே படியில் இரண்டு கருவிகள் சேர்ந்து பேசினால் இரு செய்திகளும் கெடலாம். ஐந்து நிமிஷத்துக்கொருமுறை ஈரத்தை அறிவிக்கச் செய்வது ஆகவே வீண். மண்ணின் ஈரம் அத்தனை விரைவில் மாறுவதுமில்லை. மணிக்கொருமுறை போதும்.

மடைகளையும் பம்புகளையும் இயக்குவதில்தான் அபாயம் உளது. பாட்டரியில் உழைக்கும் ‘ஏ’ வகுப்புக் கருவி, தான் செய்தியனுப்பியபின் சாதாரணமாய் ஒரு விநாடி கழித்து ஒருமுறையும், இரண்டு விநாடி கழித்து மறுமுறையும் மட்டுமே செவிகொடுக்கும். மற்ற வேளையெல்லாம் உறக்கமே. மணிக்கொருமுறை பேசும் இக்கருவிக்கு மடையை மூடும்படி கட்டளையிட்டால், அது ஒரு மணி நேரம் கழித்துக் கேட்கவும் கூடும். அதற்குள் நாற்றங்காலில் இளநாற்று மூழ்கிப்போகலாம். மின்சாரப் பம்புக்கு இடைவிடாது செவிகொடுக்கும் ‘சி’ வகுப்பே ஏற்றது. பம்புக்கு வரும் மின்சாரமே அதற்கும் உதவும். மின்சாரமற்ற மடைக்கு, நிலையம் 128 விநாடிக்கொருமுறை விடுக்கும் காலக்குறியைக் கொண்டு குறித்த நொடிகளில் விழித்துக் கேட்கும் ‘பி’ வகுப்பு உண்டு. எல்லா நிலையங்களும் இதற்கு இடங்கொடுப்பதில்லையாதலால், விற்பவரிடம் எழுத்துமூலம் உறுதி பெற்றே வாங்க வேண்டும்.

ஒவ்வொரு செய்திக்கும் ரசீது கேட்பதும் தவறு. நிலையம் ரசீது அனுப்பும் கணத்தில் மற்றக் கருவிகளின் பேச்சு அதன் காதில் விழாது.

கிராமத்திற்குப் பொதுவாக ஒரே நிலையம் வைக்கலாம். அது ஒருவர் வீட்டு மாடியில் இருப்பினும், அயலார் நிலத்துக் கணக்கை அவர் அதனின்று படிக்க இயலாது. ஒவ்வொரு கருவியின் செய்தியும் தனக்குரிய 128 பிட் சாவியால் பூட்டப்பட்டே செல்கின்றது. அச்சாவிகள் எவரிடம் இருக்க வேண்டுமென்பதை முன்னதாகவே தீர்மானித்து எழுதிவைப்பது கிராம அதிகாரிகளின் பொறுப்பாகும்.