3,773 வாக்குகள்

தேர்தல் வரலாறு எழுதப் புகும் இளம் ஆய்வாளருக்கு,

1916 நவம்பர் 7 அன்று நடந்த அமெரிக்க அதிபர் தேர்தலின் முடிவு கலிஃபோர்னியா மாநிலத்தின் கையில் போய் நின்றதால், அத்தேர்தலை எழுத முனைபவருக்கு முதலில் அகப்படுவது லாங் பீச் விடுதிக் கதையாகவே இருக்கும். குடியரசுக் கட்சி வேட்பாளர் சார்லஸ் எவன்ஸ் ஹியூஸ் அவ்வாண்டு ஆகஸ்டில் அவ்வூர் வர்ஜீனியா விடுதியில் இருந்தபோது, மாநில ஆளுநர் ஹைரம் ஜான்சனும் அதே கூரையின்கீழ் இருந்தார். ஹியூஸுக்கு அது பின்னர்தான் தெரியவந்தது, சந்திப்பு நடக்கவில்லை. அதே தேர்தலில் அதே கட்சியின் சார்பில் செனட் பதவிக்கு நின்ற ஜான்சன் ஏறக்குறைய 3 லட்சம் வாக்குகள் முந்தி வென்றார். ஹியூஸோ அப்போது அதிபராயிருந்த உட்ரோ வில்சனிடம் 3,773 வாக்குகளில் மாநிலத்தைப் பறிகொடுத்தார். கைகுலுக்காமல் போனதால் அதிபர் பதவி போயிற்று என்ற பேச்சு அப்படித்தான் நிலைத்தது.

கதை நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஏறக்குறைய 10 லட்சம் பேர் வாக்களித்த இடத்தில் வித்தியாசம் இவ்வளவு சிறுத்துவிட்டால், எந்தக் காரணத்தைக் கொண்டுவந்து வைத்தாலும் அது போதுமான காரணமாகிவிடும் என்பதை ஆய்வாளர் மறக்கலாகாது. சோஷலிஸ்ட் வேட்பாளர் ஆலன் பென்சன் மட்டுமே 42 ஆயிரத்துக்கு மேல் பெற்றார். சான் பிரான்சிஸ்கோவில் உணவகப் பணியாளர் வேலைநிறுத்தம் நடந்துகொண்டிருக்கையில், வேலைநிறுத்தத்தை முறிக்க வந்த ஆட்கள் பரிமாறிய விருந்தில் ஹியூஸ் கலந்துகொண்டது தொழிற்சங்கத்தாரைக் கசப்புறச் செய்தது. அந்நகரில் வில்சன் ஏறக்குறைய 15 ஆயிரம் வாக்குகள் முந்தினார். 1911 முதல் அம்மாநிலப் பெண்களுக்கு வாக்குரிமை உண்டு. ஐரோப்பியப் போரில் நாட்டை இழுத்துவிடாதவர் என்று வில்சனுக்காகச் செய்யப்பட்ட பிரச்சாரம் அவர்களையும் எட்டியது. இவற்றையெல்லாம் நிறுத்துப் பார்க்காமல் விடுதியை மட்டும் காட்டுவது, காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைக்குச் சான்று தேடுவதாகும்.

3,773 என்ற எண்ணையும் அப்படியே நம்பிவிட இயலாது. அமெரிக்காவில் மக்கள் அதிபரை நேரடியாகத் தேர்ந்தெடுப்பதில்லை. தங்கள் சார்பில் அதிபருக்கு வாக்களிக்கும் தேர்வாளர்களையே தேர்ந்தெடுக்கிறார்கள். கலிஃபோர்னியாவுக்கு அன்று 13 தேர்வாளர்கள். நாடு முழுவதும் 531 பேரில் 266 பேரின் ஆதரவு தேவைப்பட்ட நிலையில், ஹியூஸ் பெற்ற 254 உடன் அந்த 13 சேர்ந்திருந்தால் வெற்றி அவருடையது. அக்காலக் கலிஃபோர்னிய வாக்குச்சீட்டிலோ தேர்வாளர் ஒவ்வொருவருக்கும் தனித்தனியே வாக்கிட வேண்டியிருந்தமையால், ஒரே கட்சியின் 13 பேருக்கும் 13 விதமான எண்ணிக்கை வந்தது. 1912இல் தியோடர் ரூஸ்வெல்ட் அம்மாநிலத்தை 174 வாக்குகளில் வென்றும் 11 தேர்வாளர்களையே பெற்றதும், மீதி இருவர் வில்சன் பக்கம் போனதும் இந்த முறையின் விளைவே.

ஆகவே, 3,773 என்பது எந்தத் தேர்வாளரின் எண்ணிலிருந்து எந்தத் தேர்வாளரின் எண்ணைக் கழித்துக் கிடைத்தது என்று பார்த்து எழுதிவைத்துக்கொண்ட பிறகே ஆய்வாளர் லாங் பீச்சுக்குப் போகலாம். அப்போது விடுதிக் கதைக்கு இரண்டு பத்திக்கு மேல் இடம் தேவைப்படாது.