ஊராட்சித் தலைவர் பதவிக்கு நிற்கப்போகும் பெண்ணுக்கு: தென்னேரியிலிருந்து ஒரு முழுமையான வழிகாட்டி

ஊர்ச் சபைக்கு உறுப்பினர்களைத் தேர்ந்தெடுத்த குடவோலை முறையைச் சொல்லும் கல்வெட்டுகள் (919, 921) உள்ள உத்திரமேரூர், தென்னேரி இருக்கும் அதே காஞ்சிபுரம் மாவட்டத்து ஊர்தான். நிலம், சொந்த மனை, வேதப் படிப்பு என்று தகுதி கேட்ட அந்தச் சபையில் பெண்ணுக்கு இடமில்லை. இன்றோ 73ஆவது அரசியலமைப்புச் சட்டத்திருத்தம் பெண்களுக்குத் தந்த மூன்றில் ஒரு பங்கு இடத்தைத் தமிழ்நாடு 2016இல் பாதியாக உயர்த்திவிட்டது. இடம் கிடைத்துவிட்டது, அதில் நீங்களே உட்கார வேண்டும்.

பட்டியலில் பெயர்

வயது 21 நிறைந்திருக்க வேண்டும். பெயர் அந்த ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் இருக்க வேண்டும். பல பெண்கள் சறுக்குவது இங்கேதான். கல்யாணமாகி வந்து பிள்ளை பள்ளிக்கூடம் போகும் வயதாகியும், பெயர் பிறந்த ஊர்ப் பட்டியலிலேயே கிடக்கும். படிவம் 8 கொடுத்து இப்போதே மாற்றுங்கள். உங்கள் பெயரில் வீட்டு வரி, குடிநீர்க் கட்டண பாக்கி இருந்தால் கட்டி, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். தனித்தொகுதி என்றால் சாதிச் சான்றிதழும் வேண்டும்.

பணமும் ஆளும்

2021 தேர்தலில் தலைவர் பதவிக்குக் காப்புத்தொகை 600 ரூபாய். பட்டியலினத்தவர், பழங்குடியினருக்கு 300. கட்சிச் சின்னம் கிடையாது, அதனால் செலவும் உங்களுடையதுதான். ஆனால் இங்கே பட்டுத்தறி வீடுகளில் தார் சுற்றுவதும் பாவுக்குத் துணை நிற்பதும் பெண்தான். கூலி பெரும்பாலும் ஆண் கைக்குத்தான் போகிறது. அதனால் நோட்டீஸ் அடிக்கும் செலவுக்கே வீட்டில் கேட்டு நிற்க வேண்டியிருக்கிறது. உங்கள் பெயரில் தனிக் கணக்கு வைத்துச் சிறுகச் சிறுகச் சேமியுங்கள். வீடு வீடாக வர ஆள் வேண்டுமா? முதலில் உங்கள் மகளிர் குழுவில் கேளுங்கள்.

ஜெயித்த பிறகு

கடினமான பகுதி இதுதான். “நீ கையெழுத்து மட்டும் போடும்மா, மற்றதை நாங்க பாத்துக்கிறோம்” என்பார்கள். ஊராட்சிக் காசோலையில் தலைவரும் துணைத்தலைவரும் சேர்ந்துதான் கையெழுத்திட வேண்டும். தொகை எழுதாத காசோலையிலும், படிக்காத தீர்மானத்திலும் போடாதீர்கள். நாளைக்குத் தணிக்கையில் கேள்வி வந்தால் பதில் சொல்ல வேண்டியது நீங்கள். உங்கள் கணவர் அல்ல. அவர் உதவட்டும். தலைவர் நாற்காலியில் மட்டும் உட்கார வேண்டாம்.

சாதியும் சேர்ந்துகொண்டால் அவமானம் இரட்டிப்பு. 2020இல் கடலூர் மாவட்டம் தெற்குத் திட்டையில் பட்டியலினப் பெண் தலைவரைக் கூட்டத்தில் தரையில் உட்கார வைத்த படம் வெளியானது. அதன் பிறகுதான் நடவடிக்கை வந்தது. இப்படி நேர்ந்தால் அன்றைக்கே மாவட்ட ஆட்சியருக்கு எழுதுங்கள், வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் புகார் கொடுங்கள். நகலை வீட்டில் வையுங்கள்.

தேர்தல் வரும் வரை

ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1: கிராமசபை கூடும் நாட்கள். வாக்காளரான எவரும் எழுந்து பேசலாம். அடுத்த கூட்டத்துக்குப் போங்கள், வரவு செலவைப் படித்துக் காட்டச் சொல்லுங்கள், உங்கள் தெருக் குழாயைப் பற்றிக் கேளுங்கள். பக்கத்து வீட்டு அக்காவையும் கையோடு கூட்டிப் போங்கள்.