கோன் ஃபில்டர் மாட்டினால் பிக்கப் கூடுமா?

திருவள்ளூர் மாவட்டத்துக்கு டர்போ கார் ஊர்ச்சரக்கு. 2022-இல் விற்பனைக்கு வந்த சிட்ரோயன் சி3 திருவள்ளூர் ஆலையில்தான் தயாராகிறது. அதன் 1.2 லிட்டர் டர்போ பெட்ரோல் என்ஜின் ஓசூரிலிருந்து வருகிறது. அதே திருவள்ளூர் ஆலையில்தான் 1998-இல் இந்துஸ்தான் மோட்டார்ஸ் மிட்சுபிஷி லான்சரைக் கட்டத் தொடங்கியது. ஆந்திராவின் ஸ்ரீசிட்டியில் சொந்த ஆலை 2016-இல் திறக்கும்வரை இசுசுவின் டர்போ டீசல் வண்டிகளும் இங்கேதான் பூட்டப்பட்டன. பக்கத்து ஒரகடத்திலிருந்து மேக்னைட் டர்போ, இருங்காட்டுக்கோட்டையிலிருந்து 2025 வரை வென்யூ டர்போ. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஷிஃப்ட் பார்க்கும் இளைஞர் தவணையில் இதில் ஒன்றை வாங்குகிறார். சில மாதங்களிலேயே கை அரிக்கத் தொடங்குகிறது. குறைந்த செலவில் வண்டியை இன்னும் கொஞ்சம் பாயவைக்க வழி கேட்டால், நண்பர்கள் முதலில் கைகாட்டுவது காற்று உள்வாங்கும் பக்கத்தைத்தான். அங்கே உலவும் நம்பிக்கைகளில் பாதி பணத்தைத் தின்கின்றன, மீதி என்ஜினைத் தின்கின்றன.

நம்பிக்கை: கம்பெனி ஏர் பாக்ஸ் என்ஜினின் மூச்சை அடைக்கிறது. அதைக் கழற்றினாலே பவர் கூடும்.

இந்த எண்ணத்துக்கு ஒரு பழைய நியாயம் உண்டு. கும்மிடிப்பூண்டி போகும் வழியில் இருக்கும் சோழவரத்தின் இரண்டாம் உலகப் போர்க் கால ஓடுதளத்தில் பல பத்தாண்டுகள் கார் பந்தயம் நடந்தது. மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் 1990-இல் இருங்காட்டுக்கோட்டையில் தனித் தடம் திறந்த பிறகுதான் அந்தக் கூட்டம் இடம் மாறியது. சோழவரத்தில் ஓடியவை பெரும்பாலும் கார்புரேட்டர் என்ஜின்கள். அவை தாமே உறிஞ்சும் காற்றை மட்டும் நம்பியவை. வழியில் எந்தத் தடை இருந்தாலும் அது அப்படியே பவரில் குறையும். ஃபில்டரைக் கழற்றியவருக்கு உண்மையிலேயே பலன் கிடைத்தது. பந்தயம் சில சுற்றுகளில் முடிந்துவிடும், என்ஜினையும் அடிக்கடி பிரித்துச் சரிபார்ப்பார்கள். அதனால் தூசி போனதை யாரும் பெரிதாக எண்ணவில்லை.

இன்றைய டர்போ காரின் கணக்கு வேறு. 110 பிஎஸ் தரும் 1.2 லிட்டர் என்ஜின் முழு வேகத்தில் நிமிடத்துக்கு ஏறக்குறைய 4,500 முதல் 5,000 லிட்டர் காற்றை இழுக்கிறது. ஒழுங்காக வடிவமைத்த ஏர் பாக்ஸும் சுத்தமான காகித ஃபில்டரும் அந்த ஓட்டத்தில் இரண்டு, மூன்று கிலோபாஸ்கல் அழுத்தத்தைத்தான் குறைக்கும். வெளிக்காற்றின் அழுத்தம் 101 கிலோபாஸ்கல். புதிய ஃபில்டர் அந்தத் தடையைப் பாதியாக்கினாலும் கிடைக்கப்போவது நூற்றில் ஒன்று, ஒன்றரை. அதுவும் ஆக்ஸிலரேட்டரை அடிவரை மிதித்து, டாக்கோமீட்டர் முள் மேல் கோடியில் நிற்கும்போது மட்டும்தான். தச்சூர் கூட்ரோட்டில் லாரிகளுக்கு நடுவே இரண்டாம் கியரில் ஊரும்போது அந்தத் தடை இருப்பதே தெரியாது.

இதைவிட முக்கியமான விஷயம், டர்போ காரில் எவ்வளவு காற்று உள்ளே போகவேண்டும் என்பதை ஃபில்டர் தீர்மானிப்பதில்லை. என்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈசியூ தீர்மானிக்கிறது. கால் எவ்வளவு மிதிக்கிறதோ அதற்கேற்ற இழுவிசையைக் கணக்கிட்டு, அதற்குத் தேவையான அழுத்தம் வரும்வரை டர்போவைச் சுழலவிட்டு, பிறகு வேஸ்ட்கேட் என்ற வால்வைத் திறந்து மிச்சப் புகையை வெளியேற்றிவிடும். வழியில் தடை சற்றுக் குறைந்தால் டர்போ கொஞ்சம் குறைவாக உழைத்து அதே அழுத்தத்தைத் தரும். டர்போவுக்கு அது நல்லதுதான். ஆனால் சக்கரத்துக்கு வந்து சேரும் பவர் பழைய பவர்தான். ரீமேப் செய்து ஈசியூவின் இலக்கையே உயர்த்திய வண்டியில் பெரிய இன்டேக்குக்கு வேலை உண்டு. ரீமேப் இல்லாத வண்டியில் பெரும்பாலும் கிடையாது.

நம்பிக்கை: சத்தமே சொல்கிறதே!

ஏர் பாக்ஸ் காற்றை வடிகட்டுவதோடு சத்தத்தையும் விழுங்குகிறது. அதை எடுத்துவிட்டால் டர்போ சுழலும் விசிலும், காலை எடுக்கும்போது வரும் ‘உஷ்’ சத்தமும் நேராகக் காதுக்கு வரும். வண்டி பாய்கிறது என்று மனம் நம்பிவிடும். இதைச் சோதிப்பது எளிது. ஒரே சாலையில், ஒரே வெயில் நேரத்தில், ஒரே கியரில் 40-லிருந்து 80 கிலோமீட்டர் வேகத்துக்கு வர எத்தனை நொடி ஆகிறது என்று பழைய ஃபில்டரோடும் புதிய ஃபில்டரோடும் சிலமுறை அளக்க வேண்டும். ஓட்டுபவர் கடிகாரத்தைப் பார்க்கக்கூடாது, பக்கத்தில் இருப்பவர் பார்க்கட்டும். சாலையும் காலியாக இருக்கட்டும். சத்தம் பிடித்திருப்பதால் ஒருவர் மாட்டிக்கொண்டால் அது அவர் விருப்பம். பவருக்கு என்று சொல்லி விற்பதுதான் தவறு.

நம்பிக்கை: திறந்த கோன் ஃபில்டர் அதிகக் காற்றைத் தரும்.

தரும், சூடான காற்றை. திருத்தணியில் மே மாதம் வெயில் 40 டிகிரியைத் தாண்டுவது வழக்கம். நின்று நின்று போகும் போக்குவரத்தில் பானெட்டுக்குள் டர்போவும் எக்ஸாஸ்டும் சேர்ந்து காற்றை 60 டிகிரிக்கும் மேல் எளிதாகக் கொண்டுபோகும். கம்பெனி ஏர் பாக்ஸின் குழாய் பெரும்பாலும் கிரில் பக்கமிருந்து வெளிக்காற்றை எடுக்கிறது. பெட்டி இல்லாமல் திறந்தபடி மாட்டும் கோன் ஃபில்டரோ பானெட்டுக்குள் இருக்கும் வெந்த காற்றை எடுக்கிறது. 40 டிகிரிக் காற்றைவிட 60 டிகிரிக் காற்றில் அடர்த்தி நூற்றுக்கு ஆறு குறைவு. தடை குறைந்ததால் வந்த ஒரு சதவீதத்தை வைத்துக்கொண்டு வெப்பத்தால் ஆறு சதவீதம் விடுகிறோம்.

அதோடு நிற்பதில்லை. டர்போ காற்றை அழுத்தும்போது வெப்பம் மேலும் ஏறும். அழுத்தம் 1.8 மடங்கு உயரும் சாதாரண நிலையில், உள்ளே போன 20 டிகிரி வித்தியாசம் வெளியே வரும்போது 25 டிகிரி ஆகிவிடும். இன்டர்கூலர் அதில் பெரும்பகுதியைத் தணித்தாலும், நெரிசலில் அதற்கு எதிர்க்காற்று ஏது? நாக் சென்சார் ஆபத்தை உணர்ந்ததும் ஈசியூ இக்னிஷனைப் பின்தள்ளும். பவருக்காகச் செலவழித்தவர் இருந்த பவரையும் இழப்பது இப்படித்தான். கோன் வேண்டும் என்றால் மூடிய பெட்டிக்குள் வைத்து, முன்பக்கக் காற்றைக் குழாயில் கொண்டுவரும் அமைப்பாக இருக்கவேண்டும். அதற்குச் செலவு பல மடங்கு.

நம்பிக்கை: குழாயைக் கீழே பம்பர் பக்கம் இறக்கிவிட்டால் குளிர்ந்த காற்று வரும்.

குளிர்ந்த காற்று வரும். தண்ணீரும் வரும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் பெய்த மழையில் சென்னையும் திருவள்ளூர் மாவட்டமும் மூழ்கியதை மறந்துவிட முடியாது. சிலிண்டருக்குள் தண்ணீர் புகுந்தால் பிஸ்டனால் அதை அழுத்த முடியாது, கனெக்டிங் ராட் வளையும். அடிப்படை மோட்டார் காப்பீட்டில் இந்தச் சேதம் பொதுவாக அடங்காது, என்ஜின் பாதுகாப்பைத் தனியே சேர்த்திருக்க வேண்டும். காற்றுக் குழாயை மாற்றியிருப்பதைச் சர்வேயர் பார்த்தால் அந்தக் கோரிக்கையும் சிக்கலாகும். வெள்ளம் வரும் ஊரில் இன்டேக்கின் வாய் கம்பெனி வைத்த உயரத்துக்குக் கீழே இறங்கக்கூடாது.

நம்பிக்கை: எண்ணெய் தடவிய பருத்தி ஃபில்டர் காகிதத்தைவிட மேல். கழுவிக் கழுவி ஆயுள் முழுக்கப் போடலாம்.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பேசவேண்டும். கும்மிடிப்பூண்டிக் காற்று வேறெந்த ஊர்க் காற்றையும் போன்றதல்ல. சிப்காட்டின் இரும்பு உருக்கும் உலைகளும் ரோலிங் மில்களும், தெற்கே அத்திப்பட்டு, வல்லூர் அனல்மின் நிலையங்களின் சாம்பலும், தேசிய நெடுஞ்சாலை 16-இல் இரவு பகலாக ஓடும் டிரெய்லர்கள் கிளப்பும் புழுதியும் சேர்ந்த காற்று அது. இரும்புத் தூசியும் சாம்பல் துகளும் கடினமானவை. சிறிய டர்போவின் கம்ப்ரஸர் சக்கரம் நிமிடத்துக்கு இரண்டு லட்சம் சுற்றுகளைத் தாண்டக்கூடியது. அந்த வேகத்தில் மோதும் ஒவ்வொரு துகளும் இறக்கையின் விளிம்பைத் தேய்க்கும். அதைத் தாண்டிப் போனவை சிலிண்டர் சுவரையும் பிஸ்டன் ரிங்கையும் அரிக்கும், என்ஜின் ஆயிலில் கலக்கும். தேய்மானம் சத்தம் போடாது. இரண்டு மூன்று வருடம் கழித்து ஆயில் குடிக்கத் தொடங்கும்போதுதான் தெரியும்.

திருவள்ளூர் மேல்நல்லாத்தூரில் கேட்டர்பில்லர் ஆலை சுரங்கத்துக்கான பெரிய டம்பர்களைக் கட்டுகிறது. தூசியிலேயே பிறந்து தூசியிலேயே சாகும் டர்போ டீசல் வண்டிகள் அவை. இத்தகைய கனரக வண்டிகளில் வழக்கமாக இருப்பது உலர்ந்த ஃபில்டர்தான். முதன்மை ஒன்று, அதற்குள் பாதுகாப்புக்கு இன்னொன்று, அவற்றுக்கு முன்னால் காற்றைச் சுழற்றித் தூசியைக் கீழே தள்ளும் அமைப்பு. ஃபில்டர் அழுக்காகத் தெரிகிறதா என்று யாரும் கண்ணால் பார்த்து முடிவெடுப்பதில்லை. தடையை அளக்கும் இண்டிகேட்டர் சுமார் 6 கிலோபாஸ்கலைத் தொட்டதும் மாற்றுகிறார்கள். கோடிக்கணக்கில் விலைபோகும் வண்டிகளைக் காப்பவர்கள் நம்பும் முறையை, தவணையில் வாங்கிய காருக்கு மட்டம் என்று ஒதுக்க எந்தக் காரணமும் இல்லை.

பருத்தி ஃபில்டர் கெட்டது என்று சொல்லவில்லை. நல்ல தயாரிப்பு, சரியான அளவு எண்ணெய், சரியான இடைவெளியில் கழுவுதல் மூன்றும் இருந்தால் ஓடும். ஆனால் எண்ணெய் குறைந்தால் தூசி நுழையும். கூடினால், காற்றின் அளவை அளக்கும் மாஸ் ஏர்ஃப்ளோ சென்சார் உள்ள கார்களில் அதன் மெல்லிய கம்பியில் எண்ணெய்ப் படலம் ஒட்டி, அளவு தப்பி, செக் என்ஜின் விளக்கு எரியும். சந்தையில் பேர் தெரியாத நகல்கள் ஓரிரு ஆயிரத்துக்குக் கிடைக்கின்றன. வெளிச்சத்தில் பிடித்தால் ஊசித்துளைகள் தெரியும் ஃபில்டரை இந்த ஊர்ச் சாலையில் ஓட்டுவது தெரிந்தே மண்ணை என்ஜினுக்கு ஊட்டுவதாகும். ஃபில்டர்களைச் சோதிக்க ஐஎஸ்ஓ 5011 என்ற உலகத் தர நிர்ணயம் இருக்கிறது. எவ்வளவு தூசியைப் பிடிக்கிறது, எவ்வளவு தடை, எத்தனை கிராம் தாங்கும் என்று மூன்றையும் அது அளக்கிறது. காற்று ஓட்டம் இத்தனை சதவீதம் கூடும் என்று மட்டும் பெட்டியில் அச்சிட்டு, தூசியைப் பிடிக்கும் திறனைப் பற்றி வாய் திறக்காத ஃபில்டரை வாங்கவேண்டாம்.

நம்பிக்கை: காகித ஃபில்டருக்கு ஏர் அடித்துத் திரும்ப மாட்டிக்கொள்ளலாம்.

பஞ்சர் கடை கம்ப்ரஸரின் அழுத்தம் 100 பிஎஸ்ஐயைத் தாண்டும். அதை அருகில் வைத்துப் பீய்ச்சினால் காகிதத்தின் இழைகள் விலகும், கண்ணுக்குத் தெரியாத கிழிசல் விழும். லேசாகத் தூசி படிந்த ஃபில்டர் உண்மையில் புதியதைவிட நுண்ணிய துகளைப் பிடிக்கும், ஏனென்றால் படிந்த தூசியே ஒரு வடிகட்டியாக வேலை செய்கிறது. மேலே கறுத்திருப்பதைப் பார்த்து மாதாமாதம் கழற்றித் தட்டுவது அந்தப் படலத்தைக் கலைக்கும், ரப்பர் விளிம்பையும் தளர்த்தும். பெரும்பாலான கார்களுக்குக் காகித ஃபில்டர் சில நூறு ரூபாய்தான். கையேட்டில் புழுதிச் சாலைக்கு என்று தனியாகச் சொல்லியிருக்கும் குறுகிய இடைவெளியை எடுத்துக்கொண்டு, அதற்குள் புதிதாக மாற்றுவதே சிப்காட் பக்கம் தினமும் போய்வருபவருக்கு ஏற்ற வழி.

நம்பிக்கை: வாரண்டி, சட்டம் எல்லாம் இதற்கு வராது.

ஏர் பாக்ஸுக்குள்ளேயே பொருந்தும் மாற்று ஃபில்டருக்குப் பெரிய சிக்கல் இல்லை. ஏர் பாக்ஸையே தூக்கிவிட்டுக் கோன் வைத்தால் டர்போ பழுதானபோது வாரண்டியை மறுக்க நிறுவனத்துக்குக் காரணம் கிடைக்கும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவும் இருக்கிறது. தயாரிப்பாளரின் அசல் அமைப்புக்கு முரணாக வண்டியை மாற்றக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் தெளிவாகச் சொன்னது. அதே ஆண்டின் திருத்தம் சட்டத்துக்குப் புறம்பான ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம்வரை சிறையோ விதிக்க இடம் தருகிறது.

சரி, கையில் இருக்கும் கொஞ்சப் பணத்தை எங்கே போடுவது? முதலில் கம்பெனி ஃபில்டர் ஒன்று புதிதாக. அடுத்து டர்போவிலிருந்து இன்டர்கூலர் வழியாக என்ஜின்வரை போகும் ஹோஸ்களும் கிளிப்புகளும். பிக்கப் இல்லை என்று வரும் பழைய டர்போ கார்கள் பலவற்றில் குற்றவாளி ஃபில்டர் அல்ல, தளர்ந்த கிளிப்போ வெடித்த ரப்பரோதான். புகை விட்டுச் சோதிக்கும் கருவி உள்ள மெக்கானிக் அரைமணி நேரத்தில் கண்டுபிடிப்பார். பிறகு ஸ்பார்க் பிளக், இன்டர்கூலரின் இதழ்களில் அடைந்திருக்கும் பூச்சியும் மண்ணும், டயரின் காற்றழுத்தம். இவை முடிந்த பிறகும் ஆசை இருந்தால், கம்பெனி பெட்டிக்குள் உட்காரும் பெயர்பெற்ற உலர் ஃபில்டர் ஒன்று. ரீமேப் செய்யும் நாள் வந்தால், அன்று மூடிய பெட்டி இன்டேக்கைப் பற்றி யோசிக்கலாம்.

எந்த ஃபில்டரை மாட்டினாலும் ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டியபின் பெட்டியைத் திறந்து, ஃபில்டருக்கு அப்பால் டர்போவை நோக்கிப் போகும் குழாயின் உட்சுவரை வெள்ளைத் துணியால் ஒருமுறை துடைத்துப் பாருங்கள். துணியில் சாம்பல் நிறம் ஒட்டினால் ஃபில்டர் தூசியை விடுகிறது, அல்லது ரப்பர் விளிம்பு சரியாக உட்காரவில்லை. விளிம்பைச் சரிசெய்து, மறுபடி ஆயிரம் கிலோமீட்டர் கழித்துத் துடையுங்கள். அப்போதும் ஒட்டினால், எத்தனை ஆயிரம் கொடுத்து வாங்கியிருந்தாலும் அதைக் கழற்றிவிட்டுக் கம்பெனிக் காகிதத்தையே திரும்ப மாட்டுங்கள்.