சமையற் பாடம்: வேலைக்குப் போகும் வீட்டில் முட்டையில்லாத இனிப்புகள்



வியாழக்கிழமை மாலை ஆறரை மணிக்கு வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்றும்போதுதான் பிள்ளையின் புத்தகப் பையிலிருந்து அந்தக் கடதாசி வெளியே வரும். நாளை பள்ளிக்கூடத்தில் கேக் விற்பனை, ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒரு தட்டு கொண்டு வர வேண்டுமாம். நாளையோ வெள்ளிக்கிழமை, நம்மில் பல வீடுகளில் சைவ நாள். கடைக் கேக்கில் பெரும்பாலும் முட்டை இருக்கும். தான் கொண்டுபோன தட்டிலிருந்தே ஒரு துண்டு எடுத்து உண்ண முடியாமல் பிள்ளை நிற்கும். அவுஸ்திரேலியாவில் வாழும் நமது குடும்பங்களுக்கு இது புதிதல்ல. அதனால் இம்முறை, களைத்து வந்த மாலையிலும் செய்யக்கூடிய மூன்று இனிப்புகளைப் பார்ப்போம்.

முதலில் ஒரு விளக்கம். முட்டை கேக்கில் என்ன வேலை செய்கிறது? மாவைப் பிடித்து ஒட்ட வைக்கிறது, அடித்த காற்றைத் தாங்கிக் கேக்கை எழும்பச் செய்கிறது, ஈரத்தைக் காக்கிறது. இந்த மூன்று வேலைகளையும் வேறு பொருட்களிடம் பிரித்துக் கொடுத்துவிட்டால் முட்டை தேவையில்லை. எழும்பச் செய்யத் தயிரும் பேக்கிங் சோடாவும் போதும். தயிரின் புளிப்பும் சோடாவும் சேர்ந்தால் வாயு உண்டாகும். ஒட்ட வைக்க ஊறிய ரவையோ சீனிப்பாகோ போதும். முட்டையை விட்டுவிட்டு அதற்குப் பதில் ஒன்றும் சேர்க்காதவர்களின் கேக்தான் கல்லாகிறது.

முட்டையில்லாத சமையல் நமக்கு மட்டும் உரியது என்றும் எண்ண வேண்டாம். இங்கிலாந்தில் பேர்மிங்ஹாம் நகரில் மருந்துக்கடை வைத்திருந்த அல்ஃபிரட் பேர்ட் என்பவரின் மனைவிக்கு முட்டையும் ஈஸ்ட்டும் ஒத்துக்கொள்ளாது. அவருக்காகவே 1837இல் சோளமாவில் கஸ்டர்ட் பவுடரையும், 1843இல் பேக்கிங் பவுடரையும் அவர் செய்தார். நம் அலுமாரியில் இருக்கும் அந்த இரண்டும் ஒரு கணவர் மனைவிக்காகச் செய்தவை. அடுப்படி அம்மாவுக்கு மட்டும் உரியதல்ல என்பதை நமது அப்பாமார் கவனிக்க!

வியாழன் மாலைக்கு ஏற்றது இந்த நாட்டின் அன்சாக் பிஸ்கட்தான். 1915 ஏப்ரல் 25 அன்று கலிப்பொலியில் இறங்கிய அவுஸ்திரேலிய, நியூசிலாந்துப் படைகளின் பெயரைத் தாங்கியது. வழக்கமான செய்முறையில் முட்டை கிடையாது. நமது தேங்காய் உண்டு. வேறென்ன வேண்டும்? ஓட்ஸ் 1 கோப்பை, கோதுமை மா 1 கோப்பை, உலர் தேங்காய்ப்பூ முக்கால் கோப்பை, சீனி முக்கால் கோப்பை. இவை நான்கையும் ஞாயிற்றுக்கிழமையே அளந்து போத்தலில் போட்டு மூடி வைத்துவிடுங்கள். இரண்டு போத்தல் வைத்தால் இன்னும் நல்லது.

தேவைப்படும் மாலையில் 125 கிராம் பட்டரையும் 2 மேசைக்கரண்டி கோல்டன் சிரப்பையும் சிறு தீயில் உருக்குங்கள். 1 மேசைக்கரண்டி கொதிநீரில் அரைத் தேக்கரண்டி பேக்கிங் சோடாவைக் கரைத்து அதில் ஊற்றினால் நுரைத்துப் பொங்கும். பாத்திரம் சற்றுப் பெரிதாக இருக்கட்டும். சிறு பிள்ளைகள் இதைப் பார்க்க ஓடி வருவார்கள், எட்ட நிற்கச் சொல்லுங்கள். பொங்கியதைப் போத்தலில் உள்ளவற்றோடு கலந்து, நெல்லிக்காய் அளவு உருண்டை பிடித்து, தட்டில் இடைவெளி விட்டு வைத்து இலேசாக அமர்த்துங்கள். உருட்டும் வேலை பிள்ளைகளுக்கு. 160 பாகையில் 12 முதல் 15 நிமிடம். வெளியே எடுக்கும்போது மெதுவாகத்தான் இருக்கும். வேகவில்லை என்று மீண்டும் உள்ளே தள்ளாதீர்கள், ஆறும்போது இறுகும். உருண்டைகளை உறைபெட்டியில் வைத்திருந்தும் சுடலாம்.

அளவு பற்றி ஒரு வார்த்தை. அவுஸ்திரேலியாவில் மேசைக்கரண்டி 20 மில்லிலீற்றர். இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் 15. லண்டனில் இருக்கும் மச்சாள் தொலைபேசியில் சொல்லும் அளவு இங்கே பிழைப்பது அதனால்தான். தேக்கரண்டி எங்கும் 5. இங்கே தந்திருப்பவை இந்த நாட்டு அளவுகள். ஓவனில் விசிறி சுழலுமானால் 20 பாகை குறைத்து வையுங்கள்.

அடுத்தது ரவைக் கேக். நமது லவ் கேக்கிற்கும் ரவைதான் அடிப்படை, ஆனால் அதற்கு மஞ்சட்கரு நிறைய வேண்டும். இதற்கு ஒன்றும் வேண்டாம். ரவை ஒன்றரைக் கோப்பை, தயிர் 1 கோப்பை, சீனி முக்கால் கோப்பை, பால் அரைக் கோப்பை, உருக்கிய பட்டர் அரைக் கோப்பை ஆகியவற்றைக் கலந்து அரை மணி நேரம் ஊற விடுங்கள். அதற்குள் இரவுச் சாப்பாட்டை முடித்துவிடலாம். பின் கோதுமை மா அரைக் கோப்பை, பேக்கிங் பவுடர் 1 தேக்கரண்டி, பேக்கிங் சோடா அரைத் தேக்கரண்டி, ஏலக்காய்த்தூள் சேர்த்து, மா மறையும் வரை மட்டும் கிளறி, உடனே சூடான ஓவனில் வையுங்கள். தாமதித்தால் வாயு போய்விடும். 20 சென்ரிமீற்றர் சதுரத் தட்டில், 180 பாகையில், 35 முதல் 40 நிமிடம். பாடசாலைக்கு அனுப்பும் கேக்கில் முந்திரிப்பருப்பு வேண்டாம். கொட்டை வகைகளைக் கொண்டு வர வேண்டாம் என்று பல பாடசாலைகள் கேட்கின்றன. முட்டையில்லாத தட்டால் நம் பிள்ளைக்கு மட்டுமல்ல நன்மை. மெல்பேர்ணில் ஒரு வயதுக் குழந்தைகளைச் சோதித்து 2011இல் வெளியான ஆய்வில், 100 பேரில் ஏறக்குறைய 9 பேருக்குப் பச்சை முட்டை ஒவ்வாமை இருந்தது. வளர வளரப் பலருக்கு அது நீங்கிவிடும். நீங்காத பிள்ளையும் வகுப்பில் இருக்கலாம்.

கடைசியாக ஜெலி. கடை ஜெலியிலும் மார்ஷ்மலோவிலும் பெரும்பாலும் ஜெலட்டின் இருக்கும். அது விலங்கின் தோலிலிருந்தும் எலும்பிலிருந்தும் எடுப்பது. முட்டையைப் பார்த்துப் பார்த்துத் தவிர்க்கும் வீடுகளிலும் இது கண்ணில் படாமல் உள்ளே வந்துவிடுகிறது. பொதியின் பின்புறத்தை வாசியுங்கள். 406 என்ற எண் இருந்தால் அது கடற்பாசி. வீட்டில் செய்ய, கடற்பாசித் தூள் 2 தேக்கரண்டியை 1 கோப்பை நீரில் கலந்து, கிளறியபடி இரண்டு நிமிடம் நன்றாகக் கொதிக்க விடுங்கள். கருப்பட்டியோ சீனியோ கரைத்து, சூடாக்கிய தேங்காய்ப்பால் 1 கோப்பை சேருங்கள். குளிர்ந்த பாலை ஊற்றினால் கட்டி தட்டும். பச்சை அன்னாசித் துண்டுகளும் போடலாம். அன்னாசியில் உள்ள நொதியம் புரதத்தை உடைப்பதால் ஜெலட்டின் இறுகாது, கடற்பாசிக்கு அந்தத் தொல்லை இல்லை. தட்டில் ஊற்றி மேசையில் வைத்தாலே இறுகிவிடும். பின் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து, காலையில் துண்டாக்கி மதிய உணவுப் பெட்டியில் ஒரு குளிர்க்கட்டியோடு வைத்து அனுப்பலாம்.