இணையப் பக்கமும் உலாவிகளின் குணமும்

மொழிக்கழகத்தின் இணையத்தளத்தை அமைக்க முன்வரும் மாணவர் பலர், தங்கள் கணினியில் மட்டும் பார்த்துவிட்டு வேலை முடிந்ததென எண்ணிவிடுகின்றனர். நிகழ்ச்சிக்குப் பெயர் கொடுக்க வந்த ஒருவரின் கைப்பேசியிலோ தலைப்பும் பதிவுப் பொத்தானும் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடக்கும். எங்கே தட்டுவது என்றே அவருக்குத் தெரியாது. உலாவியைக் குறை சொல்வது எளிது. ஆனால், நாம் சொல்லாமல் விட்டதைத்தான் பெரும்பாலும் உலாவி தன் விருப்பப்படி நிரப்புகிறது.

பழைய எடுத்துக்காட்டு ஒன்றைப் பார்ப்போம். 760 பிக்சல் அகலமுள்ள பக்கத்தில் 200, 560 பிக்சல் அகலத்தில் இரு பெட்டிகளை அருகருகே மிதக்க விடுகிறோம். ஒவ்வொன்றிலும் இடமும் வலமும் 10 பிக்சல் உட்புற இடைவெளி. 1996இல் வெளிவந்த முதல் சி.எஸ்.எஸ். விதிப்படி அகலம் என்பது உள்ளடக்கத்திற்கு மட்டுமே. இடைவெளி அதற்கு மேல் சேரும். ஆகவே பெட்டிகள் 220, 580, மொத்தம் 800. இடம் போதாமல் வலப்பெட்டி கீழே இறங்கிவிடும். விண்டோஸுக்கான இண்டர்நெட் எக்ஸ்புளோரர் 5 இடைவெளியையும் அகலத்துக்குள் அடக்கியதால் அதில் பக்கம் கலையாது! 2001இல் வந்த 6ஆம் பதிப்பு விதிக்கு இணங்கியது. அதுவும் பக்கத்தின் முதல் வரியில் உரிய டாக்டைப் அறிவிப்பு இருந்தால்தான். வேடிக்கை என்னவென்றால், பழைய கணக்கே வசதியானது என்று பின்னர் பலரும் உணர்ந்தனர். இன்று ‘பாக்ஸ்-சைசிங்’ பண்புக்கு ‘பார்டர்-பாக்ஸ்’ என எழுதினால் உலாவிகள் அப்படியே கணக்கிடுகின்றன.

தலைப்பு, பட்டியல் ஆகியவற்றைச் சுற்றி உலாவிகள் தாமாக விடும் இடைவெளியையும் தொடக்கத்திலேயே நாம் குறிப்பிட்டுவிடுவது நல்லது.

தமிழ்ப் பக்கங்களுக்கு எழுத்துருச் சிக்கலும் உண்டு. எழுத்துருவைக் குறிப்பிடாவிட்டால் விண்டோஸ் பெரும்பாலும் ‘நிர்மலா’வை எடுக்கும். ஆப்பிள் கருவிகள் மலேசியரான முத்து நெடுமாறன் வடிவமைத்த ‘தமிழ் சங்கம்’ எழுத்துருவை எடுக்கும். இரண்டின் எழுத்தகலமும் வேறு. வரியுயரத்தையும் சொல்லாவிட்டால் அதையும் எழுத்துருவே தீர்மானிக்கும். ஒன்றில் இரண்டு வரியில் அடங்கிய தலைப்பு மற்றொன்றில் மூன்று வரியாகலாம். பெட்டியின் உயரத்தை நாம் பூட்டி வைத்திருந்தால் மூன்றாம் வரி வழிந்து பொத்தானில் போய் முட்டும்.

எனவே எழுத்துருக் கோப்பைத் தளத்திலேயே வைத்து அனுப்புங்கள். வரியுயரத்தை 1.6 என்பதுபோல் எழுதிவிடுங்கள். பெட்டியின் உயரத்தைப் பூட்டாதீர்கள். வரிகள் எங்கும் ஒரே இடத்தில்தான் மடங்க வேண்டும் என்ற பிடிவாதம் மட்டும் வேண்டாம்.

சோதிக்கும்போது ஒன்று கவனிக்க. நம் வட்டாரத்து ஐபோனில் குரோமும் சபாரியின் வெப்கிட் இயந்திரத்தில்தான் ஓடுகிறது. அங்கே இரண்டிலும் பார்த்ததை இரண்டு சோதனையாக எண்ண வேண்டாம்; நண்பரிடம் ஓர் ஆண்ட்ராய்டு கைப்பேசியை இரவல் வாங்கிப் பாருங்கள்.