ஏடும் கத்தியும்

மதுரை மாநகரின் தென்மேற்கே, திருப்பரங்குன்றம் செல்லும் வழியில் அமைந்துள்ளது பசுமலை. அமெரிக்கக் கிறித்தவ ஊழியர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டில் அங்குக் கல்விச்சாலைகளை நிறுவினர். அவர்தம் லெனாக்ஸ் அச்சுக்கூடத்தினின்று தமிழ் நூல்கள் பல வெளிவந்தன. ஊரைச் சூழ்ந்த சமவெளியிலோ பனைமரங்கள் ஓங்கி நின்றன. ஒருபுறம் காகிதம், மறுபுறம் ஓலை.

புத்தகத்தின்மீது கால் பட்டுவிடின் அதனைத் தொட்டுக் கண்களில் ஒற்றிக்கொள்ளுதல் தமிழ் மக்களின் வழக்கம். அத்தகைய புத்தகத்தைக் கத்தியால் அறுத்தும் குடைந்தும் சிற்பமாக்குவோர் மேனாடுகளில் உளர் என்று கேட்டால் பலருக்கும் உள்ளம் நடுங்கும். ஆயினும் நூலுக்கும் கத்திக்கும் உள்ள உறவு இன்று நேற்று ஏற்பட்டதன்று.

பனையோலை நூலானதே கத்தியால்தான். பக்குவமான ஓலையைத் தேர்ந்து, ஈர்க்கை நீக்கி, ஒரே அளவாக நறுக்கி, நீரில் வேகவைத்து, நிழலில் உலர்த்தி, வழவழப்பாகத் தேய்ப்பர். ஓரங்களைச் சீராக்குதலை 'வாருதல்' என்பர். சிலவகை எழுத்தாணிகளின் மறுமுனையில் இதற்கெனச் சிறு கத்தியும் இருந்தது. எழுதுவோர் இடக்கைக் கட்டைவிரல் நகத்தை வளர்த்து, அதில் பள்ளம் செய்து, அப்பள்ளத்தில் எழுத்தாணியைப் பொருத்தி ஓலையைக் கீறுவர். கீறிய கோடுகளில் மை தடவினால் எழுத்து விளங்கும். புள்ளி வைத்தால் ஓலை பொத்துவிடும். ஆதலின் பெரும்பாலான சுவடிகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இராது. சுவடியைக் கட்டும் கயிற்றின் நுனியில் ஓலையையே கிளியின் மூக்குப்போல நறுக்கிக் கோத்து, அதனைக் 'கிளிமூக்கு' என்றே வழங்கினர். இச்சிறு வேலைப்பாட்டுக்கும் ஒரு பெயர் வைத்த அன்பு வியக்கத்தக்கது.

ஒடிசா மாநிலத்தில், பூரிக்கு அருகிலுள்ள இரகுராஜபுரத்துச் சித்திரக்காரர்கள் இக்கலையை மேலும் வளர்த்தனர். ஓலைகளை நூலால் இணைத்து, விசிறிபோல மடித்து, எழுத்தாணியால் கடவுளர் திருவுருவங்களைக் கீறுகின்றனர். சில ஓவியங்களில் மேலோலையை வட்டவட்டமாக அறுத்துச் சிறு கதவுகள் அமைப்பதும் உண்டு. கதவைத் திறந்தால் உள்ளே வேறோர் உருவம் தோன்றும்.

ஸ்காட்லாந்து நாட்டு எடின்பரோ நகரில் 2011-ஆம் ஆண்டில் ஒரு புதுமை நிகழ்ந்தது. அங்குள்ள கவிதை நூலகத்தின் மேசைமீது, ஒரு பழம் புத்தகத்தின்மேல் காகிதத்தால் செதுக்கிய மரம் ஒன்று காணப்பட்டது. வைத்தவர் யாரென்று எவரும் அறியார். அவ்வாண்டு முடிவதற்குள் நகரின் நூலகங்களிலும் அருங்காட்சியகத்திலும் பிற இடங்களிலுமாகப் பத்துச் சிற்பங்கள் தோன்றின. நூலகங்கள்பாலும் நூல்கள்பாலும் கொண்ட அன்பின் காணிக்கையே அவை என்பதை உடனிருந்த குறிப்புகள் தெரிவித்தன.

நூலை அறுப்பது அன்பாகுமோ? அச்சிட்ட நூலுக்கு ஆயிரம் படிகள் உண்டு. ஒன்று சிற்பமானாலும் மற்றவை படிப்போர் கையில் இருக்கும். ஏட்டின் நிலை அதுவன்று. ஒரு நூலுக்கு எஞ்சியிருப்பது ஒரே சுவடியாகவும் இருக்கலாம். எனவே வெட்டுமுன் கேட்கவேண்டிய கேள்வி, வேறு படி உண்டா என்பதே. இக்கேள்வியைக் கேளாமையால் தமிழ் இழந்தது பெரிது.

1901-இல் பாண்டித்துரைத் தேவர் மதுரையில் நிறுவிய தமிழ்ச்சங்கம் சுவடிகளைத் திரட்டிக் காத்தது. டாக்டர் உ. வே. சாமிநாதையர் ஊர் ஊராக அலைந்து ஏடுகளைத் தேடினார். அவ்வாறு கரிவலம்வந்தநல்லூருக்குச் சென்றபோது, கோயிலில் இருந்த பழஞ்சுவடிகளைப் பற்றி விசாரித்தார். சிதைந்த ஏடுகளை ஆகம விதிப்படி நெய்யில் தோய்த்துத் தீயிலிட்டுவிட்டதாக விடை கிடைத்தது. எரித்தவர்கள் நூலை வெறுத்தவர்களல்லர். உரிய மரியாதை செய்வதாகவே எண்ணினர். அத்தீயில் எரிந்த நூல்கள் எவையென்று கூற இன்று ஒருவருமிலர்.