உரிமைத் தொகையைக் கணக்கிட்டுச் சரக்கு எடுத்தல்

குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு அமெரிக்காவில் 1975 முதல் வருமான வரிக் கணக்கு வழியாக அரசு பணம் தருகிறது. நம் மாநிலத்தில் குடும்ப அட்டை வழியாக வருகிறது: 2023 செப்டம்பர் 15-இல் தொடங்கிய கலைஞர் மகளிர் உரிமைத் தொகை, மாதம் 1,000 ரூபாய்.

அசோக் நகரில் மொத்த வியாபாரம் செய்யும் நாங்கள் முதலில் தப்புக் கணக்குப் போட்டோம். மாமியார், மருமகள், நாத்தனார் என வீட்டுக்கு மூவர், 3,000 வரும் என்று நம்பிச் சில்லறைக் கடைக்காரர்களுக்குத் துவரம்பருப்பைக் கூடுதலாகக் கடன் கொடுத்தோம். ஓர் அட்டைக்கு ஒருவருக்குத்தான் தொகை. பாக்கி வசூலாகத் தீபாவளி தாண்டிவிட்டது.

ஆகவே தலையை எண்ணாமல் அட்டையை எண்ணுங்கள். தொடக்க விதிப்படி பெண்ணுக்கு வயது 21 நிறைந்திருக்க வேண்டும். குடும்ப வருமானம் ஆண்டுக்கு 2.5 லட்சத்துக்குள், மின்சாரம் 3,600 யூனிட்டுக்குள், அதாவது இருமாத பில்லுக்குச் சராசரி 600. கார் வைத்திருந்தால் கிடையாது. 50 லட்சத்துக்கு மேல் விற்றுமுதல் காட்டி ஜி.எஸ்.டி. கட்டும் நம்மவர் வீட்டுக்கும் கிடையாது!

உங்களிடம் பற்று வைத்துள்ள 40 அட்டைகளில் 25 தேறினால் மாதம் 25,000. அதில் பாதி கல்லாவுக்கு வந்தாலே அதிகம். சிலிண்டரும் பள்ளிச் செலவும் முந்திக்கொள்ளும். பணம் 15-ஆம் தேதி வாக்கில் விழுவதால் எண்ணெய், பருப்பைச் சிறு பாக்கெட்டுகளாக 12-க்குள் எடுத்து வையுங்கள். "உங்களுக்கு வருகிறதாம்மா?" என்று நாலு பேர் முன் கேட்காதீர்கள், மனு தள்ளுபடியானவர்களும் அதே வரிசையில்தான் நிற்கிறார்கள்.